மருமகனின் மூதாதையருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்

கேள்வி: மொன்றியலில் வாழும் என் மகள் கியூபெக் பிரெஞ்சுக் குடும்பமொன்றில் மணம் செய்துள்ளாள். பேரனுக்காக மருமகனின் வம்சாவளியைத் தேடத் தொடங்கினோம். மருமகனின் குடும்பப் பெயர் போலியூ. ஆனால் 18ஆம் நூற்றாண்டுப் பதிவொன்றில் அவருடைய மூதாதையர் ‘ஹூடோன் டி போலியூ’ என்றிருக்கிறார். அவருடைய மனைவிக்கு வேறு குடும்பப் பெயர். பெண் பிள்ளைகள் எல்லோரும் மரி. தவறான குடும்பத்தைப் பிடித்துவிட்டோமா, ஐயா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மா, நீங்கள் கண்டவை எல்லாம் அக்காலத்து நியூ பிரான்ஸில் (வட அமெரிக்காவிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்தில்) இயல்பான வழக்கங்களே. ‘டி’ என்பதற்கு ‘என்று அழைக்கப்படும்’ என்று பொருள். நம் காணி உறுதிகளில் ‘எனப்படும்’ என்று எழுதுவதைப் போன்றது. குடியேறியவர்களிடையே இப்பெயர்கள் பெருகியதற்குப் படைகளும் ஒரு காரணம். 1665இல் கரின்யான்-சாலியேர் படைப்பிரிவுடன் ஏறத்தாழ 1,200 வீரர்கள் கியூபெக் வந்திறங்கினார்கள். அவர்களில் சுமார் 400 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பூ என்று பொருள்படும் லாஃப்ளூர், கவலையற்றவன் என்று பொருள்படும் சான்சூசி போன்ற, படையில் வழங்கிய பெயர்கள் பிள்ளைகளுக்கும் இறங்கின. சிலருக்கு ஊரே பெயராயிற்று: ஆன்ஜுவிலிருந்து வந்தவர் லான்ஜவான் ஆனார். ஒருவரே ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயருடனும் அடக்கப் பதிவில் மற்றப் பெயருடனும் தோன்றலாம். அண்ணன் ஒன்றையும் தம்பி மற்றதையும் வைத்துக்கொண்டதும் உண்டு. ஹூடோன், போலியூ ஆகிய இரு பெயர்களிலும் அவ்வம்சத்தவர் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே இரண்டு பெயர்களிலும் தேடுங்கள். பெரும்பாலானோருக்கு எழுதத் தெரியாததால் குருவானவர் காதில் விழுந்தபடியே எழுதினார். எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். இந்த ‘டி’யைப் பிரபு குலத்துப் பெயர்களில் வரும் ‘து’ என்று கருதிப் பெருமிதம் கொள்ளும் குடும்பங்களும் உண்டு. அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

மனைவியின் பெயர்தான் உங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி. அங்கே பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரையே திருமணத்திலும் பிள்ளைகளின் ஞானஸ்நானத்திலும் அடக்கத்திலும் வைத்திருந்தார்கள். (1981 முதல் கியூபெக் சட்டமும் மனைவி தன் பிறப்புப் பெயரையே பயன்படுத்த வேண்டும் என்கிறது.) ஆகவே கணவனின் பெயர் மாறினாலும் அவளைக் கொண்டு குடும்பத்தை அடையாளம் காணலாம்.

மரி என்பது பெண் குழந்தைகளுக்கும், ஜோசப் என்பது ஆண் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானத்தில் முன்னே சேர்க்கப்பட்ட பெயர்கள். வீட்டில் அழைத்தது பெரும்பாலும் பின்னால் வரும் பெயரை. ஞானப் பெற்றோரின் பெயரே குழந்தைக்கு வருவதும் வழக்கம். ஒரு குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைத்தார்கள். ஒரே பெயரில் இரண்டு ஞானஸ்நானங்கள் தென்பட்டால் நடுவே அடக்கப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, பிறப்பிலிருந்து பிறப்புக்குத் தாவாமல், திருமணத்திலிருந்து திருமணத்துக்குப் பின்னோக்கிச் செல்லுங்கள். முதல் திருமணப் பதிவுகளில் பொதுவாக இரு தரப்புத் தாய் தந்தையரின் பெயர்களும், பிரான்ஸிலிருந்து வந்தவராயின் பெரும்பாலும் அவருடைய சொந்தப் பங்கும் (அவர் சேர்ந்திருந்த தேவாலயப் பகுதியும்) குறிக்கப்பட்டிருக்கும். 1763இல் ஆட்சி பிரித்தானியரிடம் சென்ற பின்னரும் பங்குப் பதிவேடுகள் நிற்கவில்லை. மொன்றியல் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் 1621 முதலான கத்தோலிக்கப் பதிவுகளைக் குடும்பம் குடும்பமாக இணைத்து வைத்திருக்கிறது. சொந்தப் பங்கு தெரிந்துவிட்டால், பிரான்ஸின் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பழைய பதிவேடுகளை இணையத்தில் வைத்திருப்பதால், வெள்ளவத்தையில் இருந்தபடியே மேற்கொண்டு தேடலாம்.