பான்டூன் படகு: இரண்டு குழாயா, மூன்று குழாயா?

அமெரிக்காவின் மின்னசோட்டா ஏரிகளில் ஆறு பேர் உலாவர, 22 அடி நீளமுள்ள இரு பான்டூன் படகுகளில் (மிதக்கும் குழாய்களின் மேல் தட்டையான தளம் அமைத்த படகுகள்) இரண்டு குழாய் உள்ளதை வாங்கலாமா, மூன்று குழாய் உள்ளதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், மெத்தையின் நிறத்தை மறந்துவிட்டு, அடியிலுள்ள அலுமினியக் குழாய்களைப் பார்த்து முடிவெடுங்கள்.

சிறு ஏரியில் மெதுவாகச் சுற்றுவதற்கு இரண்டு குழாய்களும் 90 குதிரைத்திறன் இயந்திரமும் தாராளம். மில் லாக்ஸ் போல, காற்றடித்தால் அலை எழும் பரந்த ஏரி என்றாலோ, பிள்ளைகளைக் காற்றடைத்த மிதவையில் இழுத்துச் செல்லும் எண்ணம் இருந்தாலோ, மூன்று குழாய்ப் படகே மேல். மிதப்பு கூடுதலாக இருப்பதால், எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போனாலும் அது குறைவாகவே சாயும். அதற்கு 150 குதிரைத்திறன் இருந்தால் நல்லது. விலையும் எடையும் கூடும் என்பதால், படகை ஏரிக்கு இழுத்துச் செல்லும் உங்கள் வண்டியின் இழுவைத் திறனையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகில் பொருத்தியிருக்கும் கொள்ளளவுத் தகட்டில் ஆள் எண்ணிக்கையோடு எடை வரம்பையும் படியுங்கள் (ஐஸ் பெட்டியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை). பழைய படகாயின், குழாய்களின் பற்றவைப்பு விளிம்புகளைக் கையால் தடவி, வெடிப்போ ஒட்டுவேலையோ தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.