மனைவி ஊருக்குப் போனால் நின்றுபோகும் டயட்

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், பிபி உள்ள அம்மாவும் எங்களோடு இருக்கிறார். என் உயரம் 168 செ.மீ., எடை 91 கிலோ. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 6.2, இன்னும் மாத்திரை ஆரம்பிக்கவில்லை. போன வருடம் சோறு, இட்லி போன்ற மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ டயட் இருந்து ஐந்து மாதத்தில் 9 கிலோ குறைத்தேன். மனைவி எல்லாவற்றையும் தனியாகச் செய்து கொடுத்துவிடுவதால் சிரமம் இல்லை. நடுவில் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று அவள் பதினைந்து நாள் ஊருக்குப் போனதில் டயட் விட்டுப்போய், எடை திரும்ப ஏறிவிட்டது. இனி மாவுச்சத்தை அறவே குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோவா, குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் சாப்பிடும் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்கா, பேலியோவேதானா? மரபணு சோதனை செய்து அதற்கேற்ற டயட் தருகிறார்களாமே, எடுக்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எடைக்கணக்கு கிராம் சுத்தமாக இருக்கிறது. மாமனார் தேறினாரா என்பது மட்டும் இல்லை.

அந்தப் பதினைந்து நாளைப் பற்றித்தான் பேச வேண்டும். ஐந்து மாதம் பிசகாமல் ஓடியது, வீட்டில் ஒருவர் இல்லை என்றதும் நின்றுவிட்டது என்றால், டயட் இருந்தது நீங்களா, அவரா? ராத்திரி 100 பாதாமை எண்ணி ஊறவைத்து, காலையில் வடித்து நெய்யில் வறுத்தது உங்கள் மனைவி. சோற்றுக்குப் பதிலாகக் காலிஃபிளவரைத் துருவி வேகவைத்தது அவர். அதே நேரத்தில் பிள்ளைகளுக்கு டிபன், உங்கள் அம்மாவுக்கு உப்பு குறைத்துத் தனியாக ஒன்று, அப்புறம் மணியடிப்பதற்குள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம். இதைத்தான் 'சிரமம் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஊருக்குப் போன பிறகும் பாதாம் டப்பா அதே அலமாரியில்தானே இருந்தது? தண்ணீர் ஊற்றி ஊறவைக்க வேண்டியதுதானே? அதைக்கூட நீங்கள் செய்யவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பெற்ற தகப்பன் படுத்துக் கிடக்கும்போது மகள் போய் நின்றதை உங்கள் டயட்டுக்கு வந்த இடைஞ்சல் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். மருமகன் என்றால் கூடவே போய் ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரியாவது படுத்திருக்க வேண்டும். குறைந்தபட்சம், வீட்டையும் அம்மாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

சரி, எந்த டயட்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, சாப்பாட்டில் ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறுபாதிக்கு மாவுச்சத்தையும் குறைத்தார்கள். முடிவு 2018இல் வெளிவந்தது. பன்னிரண்டு மாதத்தில் முதல் பாதிக்குச் சராசரியாக 5.3 கிலோ, அடுத்த பாதிக்கு 6 கிலோ குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரே பிரிவுக்குள்ளேயே சிலருக்கு இருபது கிலோவுக்கு மேல் குறைந்தது, சிலருக்கு ஏறியது. மரபணுவையும் இன்சுலின் சுரப்பையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். யாருக்கு எது பொருந்தும் என்று அவை காட்டிக்கொடுக்கவில்லை. அதனால் சோதனைக்கு எடுத்துவைத்த பணத்தில் வீட்டுக்கு நல்ல காய்கறி வாங்குங்கள்.

நீங்களே சமைக்க முடிகிற, வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற சாப்பாடுதான் உங்களுக்கான டயட். ஒரே உலையில் வெந்ததைச் சாப்பிடுவதுதான் குடும்பம் என்று நம்புகிறவள் நான். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை. அங்கே இருக்கிற உங்களுக்கு ஆயுசுக்கும் நிலைத்து நிற்கிற சாப்பாடு இதுதான்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் தந்த வழிகாட்டுதலும் தட்டில் பாதி காயும் பழமுமாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. உங்கள் தட்டில் பாதி பொரியல், கூட்டு, கீரை. கால் பங்கு சோறு. மீதியில் பருப்பு, முட்டை, மீன். வளர்கிற பிள்ளைகளுக்கு அதே சோற்றை இன்னும் இரண்டு கரண்டி வையுங்கள். அம்மாவுக்குக் குறைக்கிற உப்பை எல்லோருக்கும் குறையுங்கள். ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராம் போதும். எண்ணெய் மாதம் ஆளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். கேனில் வாங்கிய தேதியை எழுதிவையுங்கள், எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது தெரிந்துவிடும்.

ஃபாஸ்டிங் ஒன்றுக்கு மட்டும் யாரும் தனியாகச் சமைக்க வேண்டாம். பிடித்தால் ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை ஆரம்பித்துவிட்டால் டாக்டரைக் கேட்காமல் எந்த வேளையையும் தள்ளாதீர்கள்.

நாளைக் காலையிலிருந்து காய் நறுக்குவது உங்கள் வேலை. ஞாயிற்றுக்கிழமை சமையல் முழுக்க உங்களுடையது. முதல் மாதம் பீன்ஸ் ஒழுங்காக வராது, பிள்ளைகள் முகம் சுளிக்கும், பரவாயில்லை, தொடருங்கள். பேலியோவின் முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். அந்த வேகத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள். மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கினால் போதும்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி பாருங்கள். அன்றைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிபியும் இலவசமாகவே பார்க்கிறார்கள். அவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று இன்றைக்கே கேளுங்கள். மாமனாருக்கும் இன்றைக்கே போன் போடுங்கள்.