கம்பி ஏன் முறுக்கிக்கொள்கிறது?

கேள்வி: உலோகக் கம்பியை வளைக்க வளைக்க, இழுக்க இழுக்க ஏன் விறைத்துப்போகிறது? சூடு காட்டினால் ஏன் மறுபடி இளகுகிறது?

இதன் விடை தெரிவதற்கு முன்பே இதன் தொல்லை எனக்குத் தெரியும். சேலம் செவ்வாய்பேட்டையில் அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளிக் கம்பியை ஓட்டைத் தகட்டில் நாலைந்து முறை இழுத்ததும், "கம்பி முறுக்கிக்கிச்சு, நிறுத்து" என்பார். மீறி இழுத்தால் அறுந்துவிடும். மங்கலாகச் சிவக்கும்வரை தீயில் காட்டி எடுத்தால் வழிக்கு வரும். ஏன் என்று கேட்டால், "அதுக்கும் ஓய்வு வேணும்டா" என்பதோடு சரி.

கடையில் ஏற்காடு ஆரஞ்சைக் குவித்து வைப்பதுபோல வெள்ளி அணுக்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வோர் அணுவையும் ஒட்டி 12 அணுக்கள். கம்பி நீள, ஓர் அடுக்கு மற்றொன்றின் மேல் நழுவ வேண்டும். முழு அடுக்கும் ஒரே மூச்சில் நழுவுவதாகக் கணக்குப் போட்டால், நிஜத்தில் தேவைப்படுவதைப் போல ஆயிரம் மடங்கு விசை வந்தது. 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி என்ற மூன்று விஞ்ஞானிகள் தனித்தனியே இந்தப் புதிரை அவிழ்த்தார்கள். அடுக்கில் ஆங்காங்கே பிசகு, அதாவது அணுக்கள் சரியாகப் பொருந்தாத கோடு, இருக்கிறது. நகர்வது அந்தப் பிசகுதான்.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோவிலில் வரிசையில் நின்றிருக்கிறீர்களா? முன்னால் ஓர் இடைவெளி விழும். ஒருவர் நகர்வார், அப்புறம் அவருக்குப் பின்னால் இருப்பவர். மொத்தக் கூட்டத்தையும் யாரும் தள்ளுவதில்லை, ஆனாலும் வரிசை நகர்ந்துவிடும். வெள்ளி மிருதுவாக இருப்பது இப்படித்தான்.

ஆனால் இழுக்க இழுக்கப் பிசகுகள் பெருகுகின்றன. நாலு தெரு வரிசையும் ஒரே நாற்சந்தியில் குறுக்கிட்டால் எவராலும் நகர முடியாது அல்லவா, அதுதான் விறைப்பு. பலமாக இழுத்த உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் உள்ள பிசகுக் கோடுகளை நீட்டி வைத்தால் பல லட்சம் கிலோமீட்டர் போகும். 'முறுக்கிக்கிச்சு' என்பது 'வொர்க் ஹார்டனிங்' என்ற பாடப்புத்தகச் சொல்லைவிடப் பொருத்தம் என்பேன்.

தீயில் காட்டும்போது வெள்ளி உருகுவதில்லை, அதற்கு 961 டிகிரி வேண்டும். 600ஐத் தொட்டாலே போதும். சிக்கலில்லாத புதுப் படிகங்கள் முளைத்து, சிக்கல் விழுந்த பழையவற்றைத் தின்று வளர்ந்துவிடும்.

இரும்புக் கொல்லர் கதை வேறு. சிவந்த கத்தி எஃகைத் தண்ணீரில் முக்கினால், உள்ளிருக்கும் கரி அணுக்கள் வெளியேற நேரமின்றி அடுக்குக்குள்ளேயே மாட்டி, எஃகு இன்னும் கெட்டியாகும். அதை நினைத்துக்கொண்டு, சிவந்த வெள்ளியைப் பக்குவமாக ஆறவைத்துக் காத்திருந்தேன் ஒருநாள். "வேலை கிடக்கு, தண்ணியில போட்டு எடுடா" என்று அப்பா சத்தம் போட்டார். போட்டு எடுத்தேன். நூல் மாதிரி வளைந்தது.