தண்ணில விழுந்த போன், லேப்டாப், காது மெஷின்: கேள்விகளும் பதில்களும்

மழை ஆரம்பிச்சாச்சு, நனைஞ்ச சாமானும் வர ஆரம்பிச்சாச்சு. போர்டு லெவல் சர்வீஸ், அதாவது போன், லேப்டாப் உள்ள இருக்கற சர்க்யூட் போர்டயே ரிப்பேர் பண்றதுதான் என் வேலை, அதனால கேட்டதுக்கெல்லாம் இங்க மொத்தமா பதில் எழுதிடறேன். ஒன்னு மட்டும் முதல்லயே சொல்லணும், தண்ணி பட்டதால மட்டும் ஒரு போர்டு உடனே சாகறதில்ல, தண்ணி இருக்கும்போது கரண்ட்டும் ஓடுது பாருங்க, அதுலதான் சாகுது.

கேள்வி: அண்ணா, நேத்து நைட்டு போன் பக்கெட்ல விழுந்துடுச்சு. உடனே எடுத்து அரிசி டப்பால போட்டுட்டேன். இப்ப ஆன் பண்ணி பாக்கலாமா?

வேணாம் தம்பி, ஆன் பண்ணாதீங்க, அரிசிலேர்ந்தும் வெளிய எடுத்துடுங்க. அரிசி உள்ள இருக்கற தண்ணிய இழுக்காது, அதோட மாவுத்தூள் சார்ஜிங் போர்ட்டுக்குள்ள போய் தண்ணியோட சேந்து பசை மாதிரி ஒட்டிக்கும். ஆப்பிள் கம்பெனியே 2024ல அரிசில போடாதீங்கன்னு எழுதி வச்சுட்டாங்க. போன் இன்னும் ஆன்ல இருந்தா முதல்ல ஆஃப் பண்ணுங்க, சிம் ட்ரேய வெளிய எடுங்க, சார்ஜிங் ஓட்டை கீழ பாக்கற மாதிரி புடிச்சு உள்ளங்கைல மெதுவா தட்டுங்க, அப்புறம் டேபிள் ஃபேன் காத்துல வைங்க. ஹேர் டிரையர் வேணாம், சூடு பட்டா டிஸ்ப்ளே ஓரத்து பசை விட்டுடும், காத்தோட வேகத்துல தண்ணி இன்னும் உள்ள போயிடும்.

ஆனா காய்ஞ்சா மட்டும் பத்தாது. பக்கெட் தண்ணி பெரும்பாலும் போர் தண்ணி, தண்ணி ஆவியாகிப் போனாலும் அதுல இருக்கற உப்பு போர்டு மேலயே தங்கிடும். முடிஞ்சா இன்னைக்கே ஒரு கடைல குடுத்து தொறந்து பேட்டரி கனெக்டர கழட்டச் சொல்லுங்க. மேல இருக்கற தகர மூடிய எடுத்துட்டு பாத்தா பேட்டரி கனெக்டர் பக்கத்துலயும் சார்ஜிங் லைன் ஓரமாவும்தான் முதல்ல பச்சையா பூத்திருக்கும், கடுகவிட சின்ன கெப்பாசிட்டர்களுக்கு நடுவுல பாசி மாதிரி. ஏன் அங்க மட்டும்னா பேட்டரி லைன்ல எப்பவுமே 4 வோல்ட் நின்னுக்கிட்டு இருக்கு, பக்கத்துலயே கிரவுண்ட், அதாவது நெகட்டிவ் பக்கம் இருக்கு, நடுவுல உப்புத்தண்ணி இருந்தா பாசிட்டிவ் பக்கத்து செம்பு கொஞ்சம் கொஞ்சமா கரைய ஆரம்பிச்சுடும். போன் ஆஃப்ல இருந்தாலும் இது நடக்கும், அதனாலதான் பேட்டரிய கழட்டணும்னு இவ்வளவு சொல்றேன்.

கேள்வி: வீட்லயே க்ளீன் பண்ண சானிடைசர் ஓகேவா? டபிள்யூடி40?

ரெண்டுமே வேணாம். சானிடைசர்ல தண்ணியும் கிளிசரினும் இருக்கு, டபிள்யூடி40 எண்ணெய்ப் படலத்த விட்டுட்டுப் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடைல ஐபிஏன்னு கேட்டா குடுப்பாங்க, 99% உள்ளதா வாங்குங்க, சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல ஈசியா கிடைக்கும். மெடிக்கல்ல கிடைக்கற 70% சரக்குல மீதி தண்ணிதான். பேட்டரிய கழட்டிட்டு, மெல்லிசான டூத் பிரஷ்ல தொட்டு போர்ட மட்டும் தேய்க்கணும், டிஸ்ப்ளே பக்கம் போகக்கூடாது. சீக்கிரம் தீப்பிடிக்கற சாமான், அடுப்பு, ஊதுபத்தி பக்கத்துல வச்சு செய்யாதீங்க.

கேள்வி: சார், என்னோடது ஐபி68 போன். ஸ்விம்மிங் பூல்ல போட்டோ எடுத்தேன், இப்ப கேமரா கண்ணாடி உள்ள பனி மாதிரி இருக்கு.

பனி தெரியுதுன்னா தண்ணி உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம், ஆஃப் பண்ணிடுங்க. ஐபி68ங்கறது தூசி, தண்ணி தாங்கும்னு குடுக்கற ரேட்டிங், அது புது போன நல்ல தண்ணில வச்சு டெஸ்ட் பண்ணது. பூல் தண்ணில குளோரின் இருக்கு, உங்க போன் எத்தன தடவ கீழ விழுந்துதோ, டிஸ்ப்ளேயோ பேக் கிளாஸோ மாத்துனீங்களோ, மாத்துனப்ப புது சீல் போட்டாங்களோ, அதெல்லாம் அந்த நம்பருக்குத் தெரியாது. வாரண்ட்டியையும் நம்பாதீங்க, உள்ள வெள்ளையா ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், தண்ணி பட்டா சிவப்பாயிடும், சர்வீஸ் சென்டர்ல அதத்தான் முதல்ல பாப்பாங்க.

கேள்வி: மெரினால அலை அடிச்சு போன் கடல் தண்ணில முழுகிடுச்சு அண்ணா. இதுக்கும் ஃபேன் காத்துதானா?

இல்ல, இதுக்கு வேற முறை. கடல் தண்ணி அப்படியே காய்ஞ்சா உப்பு படிஞ்சு, அடுத்த ஈரத்துலயே அரிக்கும். ஆஃப் பண்ணிட்டு நல்ல தண்ணில வெளிப்பக்கத்த அலசுங்க, அன்னைக்கே தொறந்து சுத்தம் பண்ணக் குடுங்க, ஒரு நாள் கூட தள்ளிப்போடாதீங்க. போன் சூடானாலோ, பின்பக்கம் உப்பினாலோ, இனிப்பா ஒரு கெமிக்கல் வாசனை வந்தாலோ உடனே வீட்டுக்கு வெளிய, தீப்பிடிக்கற எதுவும் பக்கத்துல இல்லாத இடத்துல வச்சுட்டு தள்ளி நில்லுங்க. அந்த பேட்டரிய யாரும் நோண்டக்கூடாது, சார்ஜும் போடக்கூடாது.

கேள்வி: லேப்டாப் கீபோர்டுல காபி கொட்டிடுச்சு. தொடச்சுட்டேன், இப்ப நல்லா வேலை செய்யுது, விட்டுடலாமா?

விடாதீங்க மேடம். பாலும் சக்கரையும் கலந்த காபி அது, இன்னைக்கு வேலை செஞ்சாலும் கீழ போர்டு மேல பிசுபிசுன்னு உக்காந்திருக்கும். சார்ஜர புடுங்கிட்டு பவர் பட்டன 10 செகண்ட் அமுக்கி ஆஃப் பண்ணுங்க, கீபோர்டு கீழ பாக்கற மாதிரி கூடாரமா கவுத்து வைங்க. அப்புறம் பின்மூடிய தொறந்து பேட்டரிய எடுத்துட்டு போர்ட ஐபிஏல கழுவணும். கீபோர்டு மாத்த வேண்டி வரலாம், பரவாயில்ல, போர்டு போனா செலவு ரொம்ப பெருசு.

கேள்வி: அப்பா காது மெஷின் போட்டுக்கிட்டே குளிச்சுட்டாரு. சத்தமே வரல.

பேட்டரி கதவ தொறந்து செல்ல எடுத்து தூக்கிப் போட்டுடுங்க. அது காத்து உள்ள போனாதான் வேலை செய்யற ஜிங்க் ஏர் செல், தண்ணி பட்டத திரும்ப நம்ப முடியாது. டியூப்ல தண்ணி நிக்குதான்னு வெளிச்சத்துல புடிச்சு பாருங்க, நின்னா டியூப மட்டும் தனியா கழட்டி ஊதி வெளியேத்துங்க. கதவு தொறந்தபடியே ஒரு டப்பால ஈரத்த இழுக்கற சிலிகா ஜெல்லோட போட்டு மூடி ஒரு ராத்திரி முழுக்க வைங்க. சார்ஜ் போடற மாடலா இருந்தா நல்லா காயறவரைக்கும் சார்ஜர்ல வைக்காதீங்க. வெயில்ல வேணாம். காலைல புது செல் போட்டும் கேக்கலன்னா குடுத்த ஆடியாலஜிஸ்ட்கிட்டயே போங்க, பெரியவங்க காது கேக்காம ஒரு வாரம் உக்காந்திருக்கறது ரொம்ப கஷ்டம்.

கேள்வி: சுகர் டெஸ்ட் மெஷினும் நனைஞ்சுது. ஆன் ஆகுது.

ஆன் ஆனாலும் வேணாம்மா. தப்பான நம்பர காட்டி அத வச்சு நீங்க இன்சுலின் போட்டுக்கிட்டா ஆபத்து. மெஷினையும் நனைஞ்ச ஸ்ட்ரிப்பையும் மாத்திடுங்க.

கேள்வி: டிவி ரிமோட்?

செல்ல எடுத்துட்டு தொறந்து, ரப்பர் பட்டன சோப்புத் தண்ணில கழுவி, போர்ட ஐபிஏல தொடச்சு ஒரு நாள் காயவிடுங்க. பெரும்பாலும் பொழச்சுக்கும்.

கேள்வி: மிக்ஜாம் புயல் அப்ப வேளச்சேரி வீட்ல தண்ணி வந்துச்சு, இந்த தடவையும் வந்துடுச்சு. கல்யாண போட்டோ இருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் சேத்துத் தண்ணில கிடக்குது. காயவச்சு சொருகவா?

காயவைக்காதீங்க, சொருகவும் சொருகாதீங்க. உள்ள சேறு போயிருந்தா டேட்டா பதிஞ்சிருக்கற தட்டு மேல காய்ஞ்சு ஒட்டிக்கும், சொருகினா தட்டு சுத்தி அந்த மண்ணே கீறிடும். ஈரத்தோடயே ஜிப் கவர்ல போட்டு மூடி டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க. பென் டிரைவ், மெமரி கார்டு அப்படி இல்ல, நல்ல தண்ணில அலசி முழுசா காயவச்சா பெரும்பாலும் வரும். ரவுட்டர் அடாப்டர் மாதிரி சுவத்துல சொருகற எதுவும் வெள்ளத்துல முழுகியிருந்தா தூக்கிப் போட்டுடுங்க, வீட்டு ஒயரிங்க எலக்ட்ரீஷியன் பாக்காம மெயின போடாதீங்க.

கேள்வி: அண்ணா, போன் நனைஞ்சு காய்ஞ்சு ரெண்டு நாள் ஓடிச்சு, அப்புறம் செத்துடுச்சு. இறந்துபோன எங்கம்மா வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதுலதான். மெமரி சிப்ப மட்டும் எடுத்து படிக்க முடியாதா?

முடியாதும்மா, இப்ப வர்ற போன்ல மெமரில இருக்கறதெல்லாம் பூட்டித்தான் இருக்கும், அத தொறக்கற சாவி அதே போர்டுல இருக்கற பிராசஸரோட கட்டிப் போட்டிருக்கு. அதனால அந்தப் போர்டே ஒரு தடவையாவது எழுந்து உக்காந்தாதான் உண்டு. வேற போன்ல அதே கூகுள் அக்கவுண்ட், அதே நம்பர் போட்டு வாட்ஸ்அப் பேக்கப் இருக்கான்னு முதல்ல பாருங்க, பல பேருக்கு அவங்களுக்கே தெரியாம இருக்கும். இல்லன்னா இனிமே ஒரு தடவ கூட சார்ஜ் போட்டுப் பாக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் அரிப்பு கூடும். மைக்ரோஸ்கோப் வச்சு போர்டு வேலை செய்யற ஆள்கிட்ட குடுத்து, போன் சரியாகணும்னு இல்ல, டேட்டா எடுக்கறவரைக்கும் ஒரு தடவ ஆன் ஆனா போதும்னு தெளிவா சொல்லிடுங்க. அப்படிச் சொன்னா வேலை செய்யற முறையே மாறும், டிஸ்ப்ளே, கேமரா பத்தியெல்லாம் யோசிக்காம பவர் லைன்ல மட்டும் கைய வைப்பாங்க.