இரண்டு அச்சகங்கள்

அன்புள்ள ஐயா,

வெனிஸ் நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ பற்றி அண்மையில் படித்தேன். இரவானால் வாசலைப் பூட்டிவிடுவார்களாம், காவலாளிக்குக் கூலியும் உள்ளே இருப்பவர்களே கொடுக்க வேண்டுமாம். அப்படிக் கிடந்தும் எத்தனை நூல்கள்! நெருக்கடிதான் அறிவை வளர்க்கிறதோ? வசதியான வேலையில் இருப்பதால்தான் என் நாவல் 40 பக்கத்தோடு நிற்கிறதோ? இன்னொன்று, தமிழ் எழுத்தில் முதல் நூலை அச்சிட்ட பாதிரியார் யூதக் குடும்பத்தில் வந்தவர் என்கிறார்களே, உண்மையா?

க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வி எளிது. உண்மைதான். போர்த்துக்கலில் கிறிஸ்தவத்துக்கு மாறிய யூதர்களின் வழியில் வந்தவர் அண்ட்ரிக் அடிகளார். அந்தப் பிறப்பினால் பிரான்சிஸ்கன் சபையில் அவரால் நீடிக்க முடியவில்லை, இயேசு சபை ஏற்றுக்கொண்டது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வந்தது. அவ்வளவுதான், இதிலிருந்து பெரிய கோட்பாடு எதையும் கிளப்பிவிடாதீர்கள்.

நெருக்கடி அறிவை வளர்க்கிறது என்பது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வயதில் நானும் இதை மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். கெட்டோ ஏற்பட்டது 1516இல். சில ஆண்டுகளில், 1520க்கும் 1523க்கும் இடையில், அதே வெனிஸில் யூதர்களின் பெரிய சட்ட விளக்க நூலான பாபிலோனியத் தல்மூத் முதன்முறையாக முழுவதும் அச்சானது. அச்சிட்டவர் யூதர் அல்லர். தானியல் போம்பெர்க், ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த கிறிஸ்தவ வியாபாரி. யூதர்கள் அங்கே அச்சகம் வைத்துக்கொள்ள முடியாது. பிழை திருத்தலாம், பணம் போடலாம், பதிப்பாளராகப் பெயர் போடுவது கிறிஸ்தவர்தான். போம்பெர்க்கின் அந்தப் பக்க எண்களைத்தான் இன்றும் உலகம் முழுவதும் தல்மூத் படிப்பவர்கள் மேற்கோளுக்குச் சொல்கிறார்கள். பூட்டிய வாசலா அதைச் செய்தது? முதல் போட்டவர் ஒருவர், உரிமம் கொடுத்த அரசு ஒன்று, புரூஃப் பார்க்கத் தெரிந்தவர்கள் சிலர். புத்தகம் வருவதற்கு இவைதான் வேண்டும்.

அதே புத்தகம் சாம்பலான கதையைத்தான் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1550இல் வெனிஸில் பிரகதீன் என்ற அச்சகத்தார், இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸின் சட்டத் தொகுப்பை பாதுவா நகர ரபியின், அதாவது யூத மதகுருவின், குறிப்புகளோடு வெளியிட்டார். போட்டியாளர் ஜுஸ்தினியானி உடனே அதே நூலைக் குறைந்த விலைக்கு இறக்கினார். கிராகோவிலிருந்து ரபி மோசே இசர்லெஸ் ஜுஸ்தினியானியின் பதிப்பை யாரும் வாங்கக்கூடாது என்று தீர்ப்பு எழுதினார். அப்புறம் இரு தரப்பும் போப்பின் ரோமுக்குப் போய், எதிராளியின் புத்தகத்தில் கிறிஸ்துவுக்கு விரோதமாக எழுதியிருக்கிறது என்று மாறி மாறிப் புகார் சொன்னார்கள். சாட்சிக்கு மதம் மாறிய யூதர்கள். ரோம் இரண்டு பேரையும் விட்டுவிட்டுத் தல்மூதைப் பிடித்தது. 1553 செப்டம்பர் 9, யூதர்களின் புத்தாண்டு நாளில், காம்போ தே ஃபியோரி சதுக்கத்தில் எரித்தார்கள். வேறு எபிரேய நூல்களும் சேர்ந்து போயின. அக்டோபரில் வெனிஸிலும் அதே காட்சி. அதன்பின் பத்து வருடம் போல அங்கே எபிரேய அச்சு ஓடவில்லை. ரோம் எப்படியும் எரித்திருக்கும் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் வழி காட்டிக் கூட்டிப்போனது யார்?

1976இல் எங்கள் ஊரில் இரண்டு அச்சகங்கள். ஒன்றில் நான் புரூஃப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ஆரம்பித்த தகராறு. மற்ற அச்சகத்தின் முதலாளி விலையைக் குறைத்தார், எங்கள் முதலாளி இன்னும் குறைத்தார். ஒரு நாள் அந்த முதலாளி, எங்கள் அச்சகத்தில் தடை செய்த துண்டறிக்கை ஓடுகிறது என்று போலீசுக்கு எழுதிப் போட்டார். எங்கள் முதலாளியும் சும்மா இருக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலம். ஜீப் வந்தது, இரண்டு இடத்துக்கும். தேடி வந்தது கிடைக்கவில்லை. நூலால் கட்டி அடுக்கியிருந்த அச்செழுத்துப் பக்கங்களைத் தரையில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். கம்பாசிட்டர் மூன்று நாள் சப்பணமிட்டு உட்கார்ந்து எழுத்துப் பிரித்தார். கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் ஜீப்பில். அதில் ஓர் ஓவிய ஆசிரியரின் சிறுவர் பாட்டு நோட்டும் இருந்தது. வேறு படி அவரிடம் இல்லை. தினமும் சாயங்காலம் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலேயே, "வந்துச்சா தம்பி?" என்பார். முதலாளிகள் இருவரும் அடுத்த வருடம் ஒரே கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சரி, உங்கள் நாவல். தல்மூத் எரிந்து பதினெட்டு வருடம் கழித்து வெனிஸில் பிறந்தவர் லியோன் மோதெனா. கெட்டோவின் ரபி, அவருடைய பிரசங்கம் கேட்கக் கிறிஸ்தவர்களும் வருவார்கள். தன்வரலாற்றில், தான் பார்த்த 26 தொழில்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். பாடம் சொல்லிக் கொடுப்பது, பிறருக்குக் கடிதம் எழுதுவது, புரூஃப் பார்ப்பது, கல்யாணத் தரகு, தாயத்து. சூதாட்டத்தில் விட்டதை ஈடுகட்டத்தான் பாதி. ஒரு மகன் ரசவாதம் செய்யப் போய் ஈயப் புகையில் உடம்பு கெட்டுச் செத்தான். மோதெனாவிடம் போய், "நெருக்கடி இருப்பதால்தானே இவ்வளவு எழுதுகிறீர்கள்" என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கையில் இருந்த சீட்டை உங்கள் முகத்தில் எறிந்திருப்பார்.

மாதச் சம்பளம் வருகிறது, இரவில் வாசலை நீங்களே உள்ளிருந்து தாழிடுகிறீர்கள். அந்த 40 பக்கத்தை அனுப்புங்கள். உங்கள் கடிதத்திலேயே ஆறு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, திருத்தித்தான் போட்டேன். நாவலிலும் நானே பார்த்துக்கொள்கிறேன். அனுப்பும் முன் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.