இரும்பும் ஜிங்க்கும் சேர்ந்த மாத்திரை: கேள்வி பதில்

இரும்புச் சத்தையும் ஜிங்க்கையும் (துத்தநாகம்) ஒன்றாகச் சாப்பிடலாமா என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். முதலில் எல்லோருக்கும் ஒரு வேலை: அட்டையைத் திருப்பி, ‘எலிமென்டல்’ என்று போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். 300 மி.கி. ஃபெரஸ் சல்பேட்டில் உண்மையான இரும்பு 60 மி.கி.தான். 61.8 மி.கி. ஜிங்க் சல்பேட்டில் ஜிங்க் 22.5 மி.கி. பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகும்.

கேள்வி: அக்கா, எனக்கு ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் 9.8. சுகாதார நிலையத்தில் சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். தனியார் டாக்டர் இரும்பும் ஜிங்க்கும் சேர்ந்த மாத்திரை எழுதியிருக்கிறார். இரண்டையும் போடலாமா?

நீங்களாக இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். அந்தச் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. தனியாரில் எழுதும் கூட்டு மாத்திரையில் பெரும்பாலும் 100 மி.கி. இரும்பு இருக்கும். சேர்த்தால் 160. கர்ப்ப காலத்தில் 11க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். உங்களுக்குச் சிகிச்சை அளவு தேவை. அரசுத் திட்டத்திலேயே உங்களைப் போன்றவர்களுக்குச் சிவப்பு மாத்திரை தினம் இரண்டு கொடுப்பார்கள். ஆனால் எந்த மாத்திரையில் அந்த அளவை எட்டுவது என்பதை ஒரே ஒருவர் முடிவு செய்ய வேண்டும். இரண்டு அட்டைகளையும் எடுத்துப் போய் டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ காட்டுங்கள். ‘ஏற்கெனவே ஒன்று சாப்பிடுகிறேன்’ என்று சொல்லத் தயங்காதீர்கள். பல பேர் திட்டுவார்களோ என்று பயந்து மறைக்கிறார்கள், அதனால்தான் சிக்கல் வருகிறது.

கால்சியம் மாத்திரையும் தந்திருப்பார்கள். அதற்கும் இரும்புக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கேள்வி: ஜிங்க் இருந்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அதிகம் அடிபடுவது ஜிங்க்தான். வெறும் வயிற்றில் 25 மி.கி.க்கு மேல் இரும்பை மாத்திரையாகப் போட்டால், கூடவே போடும் ஜிங்க் குடலில் சேர்வது குறைகிறது. உணவோடு சாப்பிட்டால் இந்தப் போட்டி வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் உணவோடு போட்டால் இரும்பு உறிஞ்சப்படுவதும் குறையும். அதனால் இரண்டும் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் தனித்தனி மாத்திரையாக வாங்கி, இரும்பைக் காலையிலும் ஜிங்க்கை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் போடுவது நல்லது. டாக்டர் கூட்டு மாத்திரைதான் எழுதியிருக்கிறார் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, அதையே தொடருங்கள். ரத்தசோகைக்கு இரும்புதான் முக்கியம். ஜிங்க் இல்லாத மாத்திரை கிடைத்தாலும் குறை ஒன்றும் இல்லை.

கேள்வி: மாத்திரை போட்டதும் காபி குடிக்கலாமா?

கூடாது. டீ, காபி இரண்டுமே இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் வேண்டாம். பாலும் அப்படித்தான். தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ போதும்.

கேள்வி: மேடம், கொரோனா சமயத்தில் ஆரம்பித்து இன்றுவரை தினமும் ஜிங்க் 50 மி.கி. சாப்பிடுகிறேன். இப்போது ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது. இரும்பு மாத்திரை போட்டும் ஏறவில்லை. பாதத்தில் மரமரப்பும் இருக்கிறது.

உங்கள் கேள்விதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள். பெரியவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்ந்து ஒரு நாளைக்கு 40 மி.கி. ஜிங்க்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டி மாதக்கணக்கில் சாப்பிட்டால், குடல் செம்புச் சத்தை (காப்பர்) உள்ளே விடுவதைக் குறைத்துவிடுகிறது. செம்பு இல்லாமல் உடம்பால் இரும்பைச் சரியாகப் பயன்படுத்த முடியாது. அதனால் ரத்தசோகை வரும், வெள்ளை அணுக்களும் குறையும். எத்தனை இரும்பு மாத்திரை போட்டாலும் ஏறாது. பாதம் மரத்துப்போவது, நடக்கும்போது தள்ளாடுவது எல்லாம் நரம்பு பாதிக்கப்படுவதன் அறிகுறி. ரத்தக் குறை சீக்கிரம் சரியாகும், நரம்புப் பாதிப்பு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ரத்தத்தில் காப்பர், செரூலோபிளாஸ்மின் (செம்பைச் சுமந்து செல்லும் புரதம்), ஜிங்க் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மரமரப்புக்கு பி12 குறைவும் சர்க்கரை நோயும்கூடக் காரணமாகலாம், அவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஜிங்க்கை இப்போதே நிறுத்திவிடலாம், அதை நிறுத்துவதால் எந்த ஆபத்தும் இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். அந்த நாட்களில் வாங்கிய பழக்கத்திலேயே இன்னும் பலர் தொடர்கிறார்கள். ஏன் சாப்பிடுகிறோம், எப்போது நிறுத்துவோம் என்று தெரியாத மாத்திரை வீட்டில் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதையும் கேளுங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். எதை முதலில்?

தைராய்டு மாத்திரை காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில். இரும்பும் ஜிங்க்கும் அதற்கு நான்கு மணி நேரம் கழித்து. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் போடும் நாட்களிலும் இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் அந்த மருந்தே வேலை செய்யாது. எத்தனை மணி நேரம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருந்து தருபவரிடம் கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: என் பையனுக்கு ஒன்றரை வயது. இரும்பு சிரப் கொடுத்துக்கொண்டிருந்தோம். பேதி ஆனதும் ஜிங்க் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டும் தரலாமா?

பேதி, காய்ச்சல் இருக்கும்போது தடுப்புக்காகத் தரும் இரும்பு சிரப்பை நிறுத்தி வையுங்கள், உடம்பு தேறியதும் தொடரலாம். ரத்தசோகைச் சிகிச்சைக்காகத் தருவதாக இருந்தால் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஜிங்க்கும்தான் இப்போது முக்கியம். ஆறு மாத வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஜிங்க் தினம் 20 மி.கி., 14 நாள். ஒரு ஸ்பூன் சுத்தமான தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கொடுங்கள். மூன்றாம் நாளே பேதி நின்றாலும் 14 நாளையும் முடியுங்கள். கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனை.

கேள்வி: ஆறு மாதமாக இரும்பு, ஜிங்க் எல்லாம் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 10.4லேயே நிற்கிறது. ரிப்போர்ட்டில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 64 என்று இருக்கிறது.

ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் ஒரு மாதத்திலேயே நல்ல ஏற்றம் தெரிந்திருக்க வேண்டும். ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். அது நன்றாக இருந்து, சிவப்பணு எண்ணிக்கையும் கூடுதலாக இருந்தால், தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறை) மரபுக்கூறாக இருக்கலாம். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை காட்டிக்கொடுக்கும். அப்படி இருந்தால் தேவையில்லாத இரும்பு உடம்பில் சேரக்கூடாது. கல்யாண வயதில் இருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனை இன்னும் முக்கியம், ஏனென்றால் கணவன் மனைவி இருவருக்கும் இந்த மரபுக்கூறு இருந்தால் குழந்தைக்குத் தீவிரமான நோய் வரலாம்.

கேள்வி: குமட்டலும் மலச்சிக்கலும் தாங்கவில்லை.

நிறுத்திவிடாதீர்கள். லேசாக எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடும் முறையும் உண்டு. ஒரு வேளை இரும்பு போட்டால் சுமார் ஒரு நாளைக்குக் குடல் அடுத்த இரும்பைக் குறைவாகத்தான் எடுக்கும், அதனால் இடைவெளி விட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். குமட்டலுக்கு ஜிங்க்கும் காரணமாக இருக்கலாம். ஜிங்க் இல்லாத மாத்திரைக்கு மாறியதும் தேறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. சோர்வாக இருக்கிறார் என்று மெடிக்கலில் கேட்டு இரும்பு வாங்கிக் கொடுத்தோம். மலம் கறுப்பாகப் போகிறது.

இரும்பு சாப்பிட்டால் மலம் கறுப்பாவது சகஜம். ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் அது வயிற்றில் ரத்தக்கசிவு, அன்றே போக வேண்டும். அப்படி இல்லாவிட்டாலும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்த வயதில் ஆணுக்கு இரும்புக் குறைவு என்றால் ரத்தம் எங்கோ போகிறது என்றுதான் முதலில் சந்தேகிப்பார்கள். புண், மூலம், சில நேரம் குடல் புற்றுநோய். மாத்திரை கொடுத்து எண்ணை ஏற்றிவிட்டால் காரணம் மறைந்தே இருக்கும்.

கேள்வி: மாத்திரையை எங்கே வைப்பது? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

பூட்டிய அலமாரியில். ஃபிரிட்ஜ் மேலேயும் வேண்டாம், தலையணைக்கு அடியிலும் வேண்டாம். சிவப்பு மாத்திரை குழந்தைக்கு மிட்டாய் போலத்தான் தெரியும். 12 கிலோ குழந்தைக்கு 60 மி.கி. மாத்திரை நான்கு போனாலே விஷ அறிகுறி வரலாம், பன்னிரண்டு போனால் உயிருக்கே ஆபத்து. முதலில் வாந்தி, வயிற்றுவலி வரும். சில மணி நேரம் கழித்துச் சரியாகிவிட்டதுபோல் இருக்கும், அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமாகும். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். 108க்கு அழைத்து உடனே கிளம்புங்கள், மீதி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை குறைகிறது என்பதை வைத்துத்தான் அங்கே சிகிச்சையை முடிவு செய்வார்கள்.