தலைப்பில் 'பகீர்' இல்லாமல் படிக்க வைக்க முடியுமா?

கேள்வி: தொட்டிச் செடி வளர்ப்பு பற்றி வாரம் ஒரு கட்டுரை எழுதுகிறேன். உள்ளே வந்தவர்கள் கடைசிவரை படிக்கிறார்கள், வருபவர்கள்தான் குறைவு. தலைப்பில் 'அதிர்ச்சி', 'பகீர்' என்று போட்டால் கூட்டம் வருகிறது, எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உங்கள் கூச்சம் நியாயமானது. வாசகர் என்ன உணர வேண்டும் என்பதை 'அதிர்ச்சி' முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. ஜோக் சொல்லும் முன்பே "இப்போ சிரிப்பீங்க பாருங்க" என்பது மாதிரி. நாலு முறை ஏமாந்தவர் ஐந்தாம் முறை திரும்பிப் பார்க்கமாட்டார்.

நீங்கள் அனுப்பியிருந்த தலைப்புகளில் ஒன்று: 'தொட்டிச் செடிகளுக்கான நீர் மேலாண்மையின் முக்கியத்துவம்'. இதில் யாரும் எதுவும் செய்யவில்லை. வெறும் பெயர்ச்சொற்கள் வரிசையில் நிற்கின்றன. இதையே 'தினமும் ஊற்றும் தண்ணீரே செடியைக் கொல்லலாம்' என்று மாற்றிப் பாருங்கள். விஷயம் அதேதான், அதிகத் தண்ணீரில் வேர் அழுகும் என்பது. ஆனால் 'கொல்' என்ற வினையும், நல்லது என்று நினைத்துச் செய்வதே கெடுதலாகிறது என்ற முரணும் சேர்ந்து ஆளை நிறுத்துகின்றன.

ஒரு வினைச்சொல்லுக்கு அவ்வளவு பலமா என்றால், உண்டு. உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்குக் கார் மோதும் காட்சிகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். 'நொறுங்க மோதிய' என்ற பொருள் தரும் சொல்லால் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கும் மேல் என்றார்கள். 'தொட்டுக்கொண்ட' என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 என்றார்கள். பார்த்த காட்சிகள் அதேதான்.

எதிர்மறைச் சொற்கள் இழுக்கும் என்பதும் உண்மையே. அப்வொர்த்தி என்ற அமெரிக்க இணையதளம் ஒரே கட்டுரைக்கு வெவ்வேறு தலைப்பு போட்டுப் பார்த்த சோதனைகளை ஆராய்ந்த 2023ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, சராசரி நீளமுள்ள தலைப்பில் ஒரு எதிர்மறைச் சொல் கூடினால் சொடுக்கு விகிதம் (தலைப்பைப் பார்த்தவர்களில் சொடுக்கி உள்ளே வருபவர்களின் பங்கு) முன்பிருந்ததைவிட 2.3 சதவீதம் உயர்வதாகக் கண்டது. அவ்வளவுதான். அதற்காக எல்லாச் செடியையும் சாகடிக்க வேண்டாம்!

அப்புறம், தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். கைபேசித் திரையோ நீளமான தலைப்பின் வாலைத்தான் வெட்டும். உயிர்ச்சொல் காணாமல் போய்விடும். செய்தித்தாள்காரர்கள் 'உயர்கிறது கட்டணம்' என்று திருப்பிப் போடுவார்களே, அந்த உத்தியைக் கடன் வாங்குங்கள்: 'அழுகுகிறது வேர்: தொட்டியின் அடியைப் பாருங்கள்'. எல்லா வாரமும் இப்படித் திருப்பினால் சலித்துவிடும். தலைப்பு நீளும்போது மட்டும் போதும்.

'கொல்லலாம்' என்று தலைப்பில் போட்டால், எப்படிக் கொல்லும் என்பது முதல் இரண்டு பத்திகளுக்குள் வந்துவிட வேண்டும். ஏழாவது பத்திவரை இழுத்தடித்தால் அதுவும் 'பகீர்' கணக்கில்தான் சேரும்.

சரி, அடுத்த கட்டுரைக்கு ஐந்து தலைப்புகள் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வினை எது என்று அடிக்கோடிடுங்கள். கோடு விழாததைக் கழித்துவிடுங்கள். 'முக்கியத்துவம்' என்ற சொல்லை மட்டும் ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள்.